முன்பக்கமும் பின்பக்கமும்

இரண்டு பேர் அடித்துக்கொண்டதில்
எனக்குக் கிடைத்த நாற்காலி இது.
பாதிப்பேர் குப்புலிங்கத்தின் மச்சானைச் சொன்னார்கள்,
மீதிப்பேர் அவனைத் தவிர யாரையும்.
கடைசியில் யாரோ கேட்டாராம்:
மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறதே
அந்தம்மா எந்தக் கட்சி?
ஒருவருக்கும் தெரியவில்லை.
தெரியாததே தகுதியாயிற்று.

ஆணையில் பெரியநாயகியைப்
பெரியநாயகம் என்று அடித்திருந்தார்கள்.
திருத்தக் கேட்டுப் போனால்
நகல் ஒன்று கொடுங்கள் என்றார் எழுத்தர்.
என் கடையிலேயே எடுத்தேன்.
என்னிடமே என்ன காசு வாங்குவது?

வார்டு மேம்பாட்டுக் கண்காணிப்புக் குழு.
மாதம் ஒரு கூட்டம், ஒரு தேநீர், இரண்டு பிஸ்கட்,
பதிவேட்டில் ஒரு கையெழுத்து.
மின்விசிறிக்கு நேர் கீழே தலைவர்.
பொருள் எண் ஆறு:
கெடிலம் பாலத்தருகே கட்டிய பதினான்கு கடைகள்
சாலையோர வியாபாரிகளுக்கு
முழுமையாக ஒதுக்கப்பட்டன.
ஏகமனதாக, என்று அவர் சொன்னபோது
பிஸ்கட் என் வாயில் இருந்தது.

மறுநாள் போய் எண்ணினேன்.
ஒன்பதில் பூட்டு.
பூட்டெல்லாம் துரு ஏறத் தொடங்கியிருந்தது,
உப்புக் காற்று ஒதுக்கீட்டு ஆணை கேட்பதில்லை.
மூன்றில் ஒரே ஆளின் தண்ணீர் கேன்கள்.
ஒன்றில் ஒரு ஸ்கூட்டர், டயர் இல்லாமல்.
மிச்சம் ஒன்றில் நிஜமாகவே வடை வெந்தது;
உள்வாடகையாம்.

ஷட்டரின் நிழல் எட்டும் அளவுக்குச்
சாக்கை விரித்து
அஞ்சலாட்சி சங்கரா வைத்திருந்தாள்.
“எட்டாம் நம்பர் என்னுதுதான்.
பேரு பட்டியல்ல இருக்குன்னாங்க.
சாவிதான் இல்ல.”
பேசியபடியே உரசினாள்.
ஒரு செதில் பறந்துவந்து
என் மூக்குக்கண்ணாடியில் ஒட்டியது.

இரவு கடை சாத்தும்போதுதான்
அந்த முகம் எங்கே பார்த்தது என்று புரிந்தது.
தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை,
அதே மச்சான் கட்டாகக் கொண்டுவந்தான்.
ஆதார், ரேஷன் அட்டை, வியாபாரி அட்டை,
எல்லாம் முன்னும் பின்னும்.
முன்பக்கம் அஞ்சலாட்சி சிரிக்காமல் பார்த்தாள்.
பின்பக்கம் வேறு யாருடைய விலாசமோ.
கண்ணாடித் தட்டில் கவிழ்த்து வைத்தது இந்தக் கை.
பச்சை வெளிச்சம் இடமிருந்து வலம் போனது.
மெஷின் படிப்பதில்லை.
நானும் படிக்கவில்லை என்று சொல்லலாம்.
படித்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
இருநூற்று இருபத்து நான்கு ரூபாய்.
இருநூற்றைம்பது வைத்தான், மீதி வேண்டாமென்றான்.
வேண்டாமென்ற இருபத்தாறை
நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

கண்காணிப்பில் பாதி காணிதான்.
ஆணையில் அதைப் போடவில்லை.

அடுத்த கூட்டம். பொருள் எண் ஒன்று:
சென்ற கூட்டக் குறிப்பை உறுதி செய்தல்.
எழுந்தேன்.
தேநீர் டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னேன்:
ஏகமனது இல்லை. எண்ணிப் பார்த்துவிட்டேன்.
“அம்மா, உங்களைப் போட்டதே நாங்கதான்.”
“தெரியும். நகல் இருக்கிறது.”

மாற்றுக் கருத்து என்று தலைப்பிட்டு
நானே எழுதினேன், எழுத்தரின் பேனா வாங்கி.
எட்டாம் எண் கடை, பூட்டு, தண்ணீர் கேன்.
கடைசி வரி:
மேற்படி ஆவணங்களை நகலெடுத்தது நான்,
உபரியாக இருபத்தாறு ரூபாய் பெற்றது நான்.
எழுத்தர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
“இந்த வரி இருந்தா உங்களுக்கும் சிக்கல்.”
இருக்கட்டும் என்றேன்.
தைரியமாகச் சொன்னதாக நினைக்க வேண்டாம்;
டம்ளர் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

சாயங்காலம் அவரே கடைக்கு வந்தார்,
உறுப்பினருக்கு ஒன்றாக ஐந்து பிரதி.
முன்பக்கம் தீர்மானம்.
பின்பக்கம் நான்.
பத்துப் பக்கம், இருபது ரூபாய்,
சரியான சில்லறை வாங்கிப் போட்டேன்.

ஆறாவதாக ஒன்று எடுத்துக்கொண்டு
பாலத்துக்குப் போனேன்.
தாள் இன்னும் சூடாக இருந்தது.
மீன் கட்டிவிடாதே, பத்திரம் என்றேன்.
அஞ்சலாட்சி ஈரக் கையைச் சேலையில் துடைத்து,
இரண்டு பக்கமும் பார்த்து,
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து,
“இதுல சாவி எங்க இருக்கு?” என்றாள்.